டீப் க்ளீனிங்கோடு லைக்கோபீன் ஜெல் வைத்துக்கொண்டவர்கள் யாராவது?

மதுரைக்காரி:
எனக்கு ஈறு நோய். ஈறில் ரத்தம், வாய் நாற்றம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். பல் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவி ஒருவர் தன் ஆய்வுக்குச் சேரக் கேட்டார், கையெழுத்துப் போட்டேன். இரண்டு பக்கமும் ஸ்கேலிங், வேர் வரை சுத்தம். வலப்பக்கம் மட்டும் ஈறு இடுக்கில் லைக்கோபீன் ஜெல். தக்காளிச் சிவப்பு. தக்காளிக்கு அந்த நிறம் தருகிற ஆன்டிஆக்சிடன்ட்தான் (திசு அரிப்பைத் தணிக்கும் பொருள்) லைக்கோபீன்.

அளவெடுத்த நேரம்தான் மறக்கவில்லை. மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு அவர் சொல்லச் சொல்ல, ஒரு பையன் எழுதினான். "மூணு, மூணு, ஆறு. மூணு, அஞ்சு, ஆறு." ஈறு இடுக்கின் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு ஆறுக்கும் வயிற்றைப் பிசைந்தது. 3 மாதம் கழித்து ஜெல் பக்கம் ஆறெல்லாம் நாலு. ஜெல் வைக்காத பக்கமும் நாலு, ஓரிடத்தில் மட்டும் அஞ்சு. அப்போ எனக்குப் பலன் தந்தது ஜெல்லா, க்ளீனிங்கா?

பெரம்பூர் மகன்:
க்ளீனிங்தான், வேறென்ன? அப்பா க்ளீனிங்குக்குப் பயந்து ஒரு வருஷம் ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல் மட்டும் சாப்பிட்டார். கீழ் முன்பல் ஒன்று இட்லியோடு கையில் வந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனோம். டாக்டர் பல்லைப் பார்க்கவில்லை, கேப்சூல் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "பீடி எத்தனை?" என்றார். அதில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் இருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 1994-ல் வெளியான ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது. அப்பாவுக்கு அதை வாங்கிக் கொடுத்தவன் நான்.

நெல்லை:
க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்று அம்மா கடைசிவரை போகவே இல்லை. பல்லில் படிந்த காரை பிடித்துக்கொண்டிருந்ததால் ஆட்டம் தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோவை அக்கா:
பெரம்பூர் தம்பி, மாத்திரையும் ஜெல்லும் ஒன்றில்லை. கிருமியைக் கொல்ல நம் வெள்ளணுக்கள் விடுகிற வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஈறையும் எலும்பையும் சேர்த்தே அரிக்கின்றன. அதைத் தணிக்கத்தான் ஜெல். ஆனால் காரை உள்ளே இருக்கும்வரை கிருமி வந்துகொண்டே இருக்கும், ஜெல் தனியாக என்ன செய்யும்? எனக்கு சர்க்கரை. மூன்று மாத சராசரி (HbA1c) 9-லிருந்து 7-க்கு வந்த பிறகுதான் துப்பும்போது ரத்தம் நின்றது.

மதுரை தங்கச்சி, சொல்கிறேனே என்று நினைக்காதே. இடைவெளி பிரஷ் வாங்கு, இடுக்குக்கு ஏற்ற அளவை டாக்டரிடமே கேள். பல் துலக்கும் பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடி, அழுத்தாதே. தக்காளியைப் பச்சையாகத் தின்பதைவிட எண்ணெயில் வதக்கு, லைக்கோபீன் அப்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். நெல்லிக்காய் தினம் ஒன்று. வைட்டமின் சி மாத்திரையை அள்ளி விழுங்காதே, சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது ஆகாது. 3 மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டு.

மதுரைக்காரி:
நன்றி அக்கா. அந்த அஞ்சு இடது கடைவாய்ப்பல்லின் பின்பக்கம். என் பிரஷ் அங்கே எட்டுவதே இல்லை என்று நேற்று கண்ணாடியில் பார்த்தேன்.