மூச்சுப் பரிசோதனையில் 14 வந்திருக்கிறது, பம்ப்பை நிறுத்தலாமா?

கல்லாறு மகள்:
அப்பா அறுபதைத் தாண்டியவர். சம்மாந்துறைப் பக்கம் நெல் மில்லில் உமித் தூசிக்குள்ளேயே காலம் போனது, பீடியும் இன்னும் விடவில்லை. மூச்சுக்குழாய் நாட்பட்டுச் சுருங்கும் சிஓபிடி நோய் என்று சொல்லி கிளினிக்கில் இரண்டு பம்ப் கொடுத்தார்கள். அதில் ஒன்று அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொய்ட். அண்மையில் கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் குழாயில் ஊதவைத்து நைட்ரிக் ஒக்சைட் பார்த்தார்கள். 14 பிபிபி (நூறு கோடியில் 14 பங்கு), 'குறைவு' என்று ரிப்போட்டில் இருக்கிறது. அப்பா அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, "நெஞ்சுக்குள்ள ஒண்டுமில்ல மகள், இனிப் பம்ப் வேணாம்" என்கிறார். விடியப்புற இருமலும் சளியும் அப்படியேதான் இருக்கிறது. நிறுத்தலாமா?

செங்கலடியான்:
என் மகளுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா. முதலில் 60க்கு மேல் வந்தது, பம்ப் ஒழுங்காக எடுத்தபிறகு இறங்கியது. குறைந்தால் நல்லதுதானே அக்கா?

மூச்சுக்காரன்:
தம்பி, உங்கள் மகளின் கணக்கு வேறு. நான் ஸ்பைரோமெட்ரி (பலமாக ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கும் வேலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கருவி எல்லா அழற்சியையும் அளப்பதில்லை. ஈசினோபில் என்ற வெள்ளையணு சம்பந்தப்பட்ட அழற்சியில்தான் மூச்சுக்குழாயின் உள்தோல் நைட்ரிக் ஒக்சைட்டைக் கூடுதலாக வெளிவிடும். தொய்வில் அது அதிகம் காணப்படும். வளர்ந்தவர்களுக்கு 25க்குக் கீழே குறைவு, 50க்கு மேலே அதிகம் என்பது அதை வைத்துத்தான். புகையாலும் தூசியாலும் வரும் சிஓபிடியில் பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வேறு வெள்ளையணுதான் வேலை செய்யும். நெஞ்சு புண்ணாகிக் கிடந்தாலும் இந்த எண் ஏறாமலே இருக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்டீரொய்ட் பம்ப் எடுப்பவருக்கு எண் இறங்கும். புகைப்பவருக்கும் இறங்கும். மகள், அப்பா அன்று காலை பீடி பற்றினாரா? ஸ்பைரோமெட்ரியை இதற்கு முன் செய்தார்களா, பின் செய்தார்களா? முன்பு பலமாக ஊதியிருந்தாலும் எண் குறையும்.

கல்லாறு மகள்:
வாசலில் நின்று ஒரு பீடி பற்றிவிட்டுத்தான் உள்ளே போனார் அண்ணன். ஸ்பைரோமெட்ரி பிறகுதான் எடுத்தார்கள்.

மூச்சுக்காரன்:
சரி, அப்போ ஸ்பைரோமெட்ரியால் குறையவில்லை. ஆனால் பரிசோதனைக்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்தே புகைக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது. அந்த 14ஐ நம்பி எதையும் நிறுத்தாதீர்கள்.

அடுத்த கிளினிக்கில் இரத்தத்தில் ஈசினோபில் எத்தனை என்று கேளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரியும். சிஓபிடிக்காரருக்கு அது மைக்ரோலீற்றருக்கு 300 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்டீரொய்ட் பம்ப் உதவ வாய்ப்பு அதிகம், நிறுத்தினால் நோய் திடீரென்று கூடலாம். 100க்குக் கீழே என்றால் பலன் குறைவு, அப்போது தேவையா என்று டொக்டரே யோசிப்பார். மற்றப் பம்ப் மூச்சுக்குழாயை விரிப்பது, அதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. இரண்டு பம்ப்பையும் கையோடு கொண்டுபோய், அப்பா எப்படி இழுக்கிறார் என்று நேர்ஸிடம் காட்டுங்கள். மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன்.