மறு: நரம்புத் திசுவில் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி, தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

நரம்புச் செல்கள் மெல்ல அழியும் நோய்களை ஸ்பெக்ட்ராஸ்கோப்பியால் (ஒளி முதலியவற்றைப் பிரித்து அளந்து பொருளின் இயல்பை அறியும் முறை) ஆராய்வதைத் தம் கட்டுரையில் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு 'ஒளிசார் நிறமாலையியல்வழி நரம்புச்சிதைவு ஆய்வு' என்று ஐயா ஒருவர் கொடுத்திருக்கும் தொடரில் இலக்கணக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வாய்விட்டு ஒரு மூச்சில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா எழுதுவதோ பொதுவாசகருக்கான கட்டுரை. தலைப்பிலேயே ஆளை விரட்டிவிடக் கூடாது.

> ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்றாலே ஒளிதானே, 'ஒளிசார்' எதற்கு?

நம் பாடநூல்களிலேயே 'நிறை நிறமாலை' இருக்கிறதே! மூலக்கூறுகளை அயனிகளாக்கி நிறை வாரியாகப் பிரிக்கிற கருவி அது. அதில் நிறமும் கிடையாது, மாலையும் கிடையாது. வானவில்லைப் பார்த்துப் பிறந்த 'நிறமாலை' என்ற அழகான சொல்லை எல்லாவற்றுக்கும் இழுத்ததால் வந்த வினை. இலங்கைப் பாடநூல்களின் 'திருசியம்' இதில் மாட்டிக்கொள்ளாது, ஏனென்றால் அதில் நிறம் என்ற பேச்சே இல்லை. ஆனால் இங்கே எத்தனை பேருக்கு அது புரியும்?

சொல்லைத் தேடும்முன், அந்த ஆய்வகத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இராமன் முறையை எடுத்துக்கொள்வோம். 1928இல் சி. வி. இராமன் கண்ட அதே விளைவுதான். ஒரே நிறமுள்ள லேசரைத் திசுவின்மேல் பாய்ச்சுகிறார்கள். சிதறி வரும் ஒளியில் மிகப் பெரும்பங்கு போன நிறத்திலேயே திரும்பிவிடும். ஏறத்தாழ கோடியில் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) மட்டும் அங்குள்ள மூலக்கூறை அதிரவைத்து, கொஞ்சம் ஆற்றலை அங்கேயே விட்டுவிட்டு வரும். எவ்வளவு விட்டுவிட்டு வந்தது என்ற கணக்குதான் வரைபடமாகிறது. அகச்சிவப்பு முறையில் சிதறலுக்குப் பதில் உட்கவர்தல், அதாவது திசு எந்த ஒளியை விழுங்குகிறது என்ற கணக்கு. இரண்டிலும் கேட்பது ஒரே கேள்வி: அணுக்களுக்கு இடையே எந்தப் பிணைப்பு எப்படி அதிர்கிறது?

நரம்பு நோய்களில் இது ஏன் உதவுகிறது என்றால், அல்சைமரில் அமைலாய்டு, பார்க்கின்சனில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்று புரதங்கள் தவறாக மடிந்து குவிகின்றன. மடிப்பு மாறினால் அதிர்வும் மாறும். புரதச் சங்கிலியின் முதுகெலும்பு அதிர்வதால் வரைபடத்தில் எழும் மேடான 'அமைடு-1' பட்டை, சங்கிலி சுருள் வடிவில் இருந்தால் சென்டிமீட்டருக்கு 1655 அலைகள் என்ற இடத்தை ஒட்டி நிற்கும். அதே சங்கிலி தாள்போல அடுக்கிக்கொண்டால் இராமனில் 1670 பக்கம் மேலே ஏறும், அகச்சிவப்பில் 1630 பக்கம் கீழே இறங்கும். இரண்டு கட்டுரைகளை ஒப்பிட்டு மொழிபெயர்ப்பவர்கள் இங்கே வழுக்கி விழுவதுண்டு. இரண்டும் சரிதான், முறைதான் வேறு. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்பு மிகுந்த மையலின் உறை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கொழுப்பின் 2850 பட்டை. இன்னொன்று, தண்ணீரும் 1640 அருகே அகச்சிவப்பை விழுங்கும். ஆகவே ஈரத் திசுவுக்கு இராமன் வசதி. ஆனால் முதிய நியூரான்களில் (நரம்புச் செல்களில்) சேரும் லிப்போஃபசின் என்ற கழிவு நிறமி தானாகவே ஒளிர்ந்து அந்த மெல்லிய சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். அதனால்தான் 785 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீள லேசர்களுக்குப் போகிறார்கள்.

ஆக, நோயை நேரடியாக யாரும் பார்க்கவில்லை. சரக்கு மாறியிருக்கிறதா என்று தரம் பார்க்கிறார்கள். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: நோட்டம். நாணயத்தையும் பொன்னையும் பார்த்து நல்லதா கலப்பா என்று சொல்வது நோட்டம், சொல்பவர் நோட்டக்காரர். என் முன்மொழிவு இதுதான். கிடைக்கும் வரைபடத்துக்கு 'நிறமாலை' அப்படியே இருக்கட்டும். அந்தச் செயலுக்கு 'நோட்டம்' என்று வைப்போம். இராமன், அகச்சிவப்பு இரண்டுக்கும் பொதுவாக அதிர்வு நோட்டம். தானாக ஒளிர்வதை அளந்தால் ஒளிர்வு நோட்டம். அந்தப் பழைய வம்புக்கும் நிறை நோட்டம் என்று விடை கிடைத்துவிடும்.

முதலில் 'ஒளிநோட்டம்' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். பேச்சில் ளகரத்தை லகரமாக்குகிறவர்கள் வாயில் அது 'ஒலிநோட்டம்' ஆகி, மீயொலிப் பரிசோதனையோடு குழம்பும். 'கதிர்நோட்டம்' என்றால் நோயாளிக்கு எக்ஸ்ரே பயம். இரண்டையும் விட்டுவிட்டேன்.

> நோட்டம் விடுவது திருடன் வேலை அல்லவா!

சரி, அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும். சுட்டி என்றதும் குறும்புப் பிள்ளையை நினைத்த நாம்தானே இன்று சுட்டியைச் சொடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் 'சிதைவு'. இதில்தான் எனக்கு உண்மையான தயக்கம். சிதறிய ஒளியால் சிதைவைக் காண்பது என்று எழுதினால் காதில் இரண்டும் ஒட்டிக்கொள்வது ஒரு பக்கம். பெரிய சிக்கல் வேறு. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் எடுப்பது இறந்தவர்களின் மூளைத் திசு. இறந்தபின் திசு தானாகவே கெடத் தொடங்கும், அதையும் நாம் சிதைவு என்றுதான் சொல்வோம். நோயால் வந்த மாற்றம் எது, இறப்புக்குப் பின் வந்த மாற்றம் எது என்று பிரிப்பதுதான் ஆய்வாளரின் தலைவலியே. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கட்டுரையின் மையமே கலங்கிவிடும். நோயால் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைவதற்கு 'தேய்வு' என்று வைக்கலாம். மூட்டுத் தேய்மானம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், பிறையும் தேய்கிறது, பழக்கமான சொல். 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒருவர் சொல்லியிருந்தார். சுவரொட்டி வைத்தியர்கள் அந்தச் சொல்லை என்ன கதிக்கு ஆளாக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தே சொன்னாரா என்று தெரியவில்லை!

தேய்வு என்பதில் ஒரு குறையும் உண்டு. புரதம் குவிவது தேய்வில் அடங்காது, அது சேர்வு. ஆனால் குவிவதன் கூடவே நியூரான் குறைகிறது, நோயின் பெயர் அதைச் சொன்னால் போதும் என்பது என் எண்ணம்.

கட்டுரையில் எப்படி அமரும் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: 'நரம்புத் தேய்வு நோயால் இறந்தவரின் மூளைத் திசுவை அதிர்வு நோட்டத்துக்கு உட்படுத்தினால், புரத மடிப்பு எங்கெங்கே மாறியிருக்கிறது என்று படம் வரையலாம்.' எனக்கு ஓடுகிறது. அம்மா, உங்கள் ஆசிரியர் குழு ஏற்குமா?

ஒன்றுக்கு மட்டும் சொல் சிக்கவில்லை. இந்த முறைகளின் பெருமையே எதையும் பூசாமல், ஒட்டாமல் பார்ப்பதுதான். 1906இல் அல்சைமர் என்ற மருத்துவர் தம் நோயாளியின் மூளையில் கண்டதைச் சொன்னபோது வெள்ளி ஏற்றிய திசுவைத்தான் பார்த்திருந்தார். 'சாயமில்லா' என்று வைக்கலாம் என நினைத்தேன், ஆனால் இன்று ஒட்டுவது சாயம் மட்டுமில்லையே, எதிர்ப்புரதமும் உண்டு, ஐசோடோப்பும் உண்டு. 'ஒட்டுக்குறியற்ற' என்பது நாக்கில் தடுக்குகிறது. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?

அன்புடன்.