கிணற்றில் கற்ற நீச்சலை வைத்து டிரையத்லானுக்குப் போகலாமா?

பெருமாள்மலை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியை, வயது 37. வரும் ஜனவரியில் கடற்கரை ஊர் ஒன்றில் நடக்கும் ஸ்பிரின்ட் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கடலில் 750 மீட்டர் நீச்சல், பிறகு 20 கி.மீ. சைக்கிள், கடைசியாக 5 கி.மீ. ஓட்டம். இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. ஓட்டத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும். நீச்சலைப் பற்றித்தான் நிறைய.

பிறந்த ஊர் வத்தலகுண்டுப் பக்கம். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஏழு வயதில் தாத்தா எனக்கு நீச்சல் பழக்கினார். அம்மா காலத்தில் சுரைக்குடுக்கை. எனக்கு முதுகில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் கேனைக் கட்டாமலே படியிலிருந்து தள்ளிவிட்டார். அன்றிலிருந்து கோடை விடுமுறை முழுக்கத் தண்ணீரில்தான் கிடந்தேன். மேல்படியிலிருந்து சொருகு அடிப்பேன் (தலைகீழாகப் பாய்வேன்), அடியில் கிடக்கும் கல்லை எடுத்து வருவேன். பதின்மூன்று வயதில் பெரியவளானதும் பாட்டி, "இனிமேல் கிணற்றுப் பக்கம் போகாதே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவ்வளவுதான். இருபத்து நான்கு வருடம் நான் நீந்தவில்லை.

ஓடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போய் ஏரியைச் சுற்றி ஓடுவேன். ஒரு சுற்று ஏறத்தாழ 5 கி.மீ., போட்டிக்கான தூரமே அதுதான். விடிகாலையில் காட்டெருமைகள் சாலையில் நிற்கும். அவை நகரும் வரை நானும் நிற்பேன். ஒரு முறை படகுத்துறைக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் நின்றேன். உடன் ஓடுபவர்கள் மராத்தானுக்குப் போகச் சொன்னார்கள். நான் டிரையத்லானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதில் நீச்சல் இருப்பதுதான். எனக்கு அந்தத் தண்ணீர் திரும்ப வேண்டும்.

மலையில் நான் நீந்த இடமில்லை. ஏரியில் படகுகளுக்கு மட்டும்தான் அனுமதி. அடிவாரத்துக்கும் அப்பால் நகரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் விசாரித்தேன். பெண்களுக்கு வேலை நாட்களில் பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரை என்றார்கள். அந்த நேரத்தில் நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். வேலைக்குப் போகும் பெண் எப்போது நீந்துவாள் என்று கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

ஆகவே ஞாயிறுதோறும் அம்மா வீட்டுக்கு இறங்கி, அதே கிணற்றில் நீந்துகிறேன். சதுரக் கிணறு, ஒரு பக்கம் 40 அடி, அதாவது சுமார் 12 மீட்டர். போய்த் திரும்பினால் 24 மீட்டர். 750 மீட்டருக்கு ஏறக்குறைய 32 முறை போய்வர வேண்டும். அம்மா படியில் உட்கார்ந்து மடியில் 32 புளியங்கொட்டைகளை வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு முறை நான் திரும்பி வந்து சுவரைத் தொடும்போதும் ஒரு கொட்டையை ஓரமாக வைக்கிறார்.

சிக்கல் இதுதான். தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தினால் பத்துக் கொட்டை வரை போகிறேன். அதற்குள் கழுத்தும் இடுப்பும் கழன்றுவிடும்போல் ஆகிவிடுகின்றன. முகத்தைத் தண்ணீரில் வைத்து நீந்தும் பிரீஸ்டைல்தான் சரி என்று படித்துவிட்டு, நீச்சல் கண்ணாடி வாங்கி முயன்றேன். கண்ணாடி போட்டுப் பார்த்தால் நான்கைந்து அடி வரை பச்சை, அதற்குக் கீழே கறுப்பு. ஆறு கை வீசுவதற்குள் நெஞ்சு இறுகி, மூச்சு கிடைக்காமல் எழுந்து நின்றுவிடுகிறேன் (நிற்பது என்றால் தண்ணீரை மிதித்துக்கொண்டு). இந்தக் கிணற்றில் நான் மூழ்க மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் ஒவ்வொரு வாரமும் இது நடக்கிறது. ஏன்?

சைக்கிள், திண்டுக்கல்லில் பழையதாக வாங்கிய கியர் சைக்கிள். வீட்டிலிருந்து கொடைக்கானல் வரை 12 கி.மீ. ஏற்றம். முதல் மாதம் வெள்ளி நீர்வீழ்ச்சி வரைதான் மிதிக்க முடிந்தது, அதற்கு மேல் தள்ளிக்கொண்டு நடந்தேன். இப்போது இறங்காமல் ஒரு மணி இருபது நிமிடத்தில் போய்ச் சேர்கிறேன். ஆனால் போட்டிச் சாலை முழுக்கச் சமதளம். மலை ஏறிய கால்களுக்குச் சமதளம் எளிதாக இருக்கும் என்று நம்பலாமா? இறக்கத்தில் பிரேக்கிலிருந்து ரப்பர் கருகும் வாசனை வருகிறதே, அது சாதாரணமா?

---

வைகைக்கரை எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மதுரையில் பதினாறு வருடமாக நீச்சல் பழக்கி வருகிறேன். பெரியவர்களுக்குப் பழக்குவதுதான் என் முக்கிய வேலை.

உங்களுக்கு மூச்சு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்வேன், உங்களுக்கு மூச்சை விட இடம் கிடைக்கவில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள். கல் எடுக்க முங்கிய சிறுமியின் பழக்கம் அது. அடக்கிய மூச்சில் கரியமில வாயு சேரச் சேர, உடம்பு "மூச்சு வாங்கு" என்று கத்தும். அந்தக் கத்தலைக் கிளப்புவது பெரும்பாலும் சேர்ந்துபோன கரியமில வாயுதான். அந்தச் சில நொடிகளில் உங்களுக்கு ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதில்லை. வெளியே விடாத நெஞ்சில் புதுக் காற்றுக்கு இடம் ஏது?

அடுத்த ஞாயிறு நீந்தவே வேண்டாம். கழுத்தளவு தண்ணீர் இருக்கும் படியில் நின்று, முகத்தை அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் குமிழி விடுங்கள். மெதுவாக, முழுவதும் தீரும் வரை. தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு வாய் காற்று வாங்குங்கள், மறுபடியும் குமிழி. நூறு முறை. நூறாவது முறை சலிப்பு வர வேண்டும். சலிப்பு வந்துவிட்டால் பயம் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு குறுக்கே ஒரு முறை நீந்துங்கள். மூச்சு வாங்கத் தலையைத் தூக்காதீர்கள், உருட்டுங்கள். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். தலை தாழ்ந்தால் இடுப்பு தானே மேலே வரும். கழுத்து வலியும் நிற்கும்.

கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நீலக் கல் பதித்த குளத்தில், அடியில் கோடு பார்த்துப் பழகியவர்கள் கடலுக்குப் போனதும் திகைத்துப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடலிலும் அடி தெரியாது. அந்தத் திகைப்பை நீங்கள் இப்போதே, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கடந்துவிடப் போகிறீர்கள். குளம் கிடைக்காததில் உங்களுக்கு இழப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கிணறு நல்ல ஆசிரியர்.

கிணற்றின் குறை, 12 மீட்டருக்கு ஒரு சுவர். தொடும்போதெல்லாம் உங்களை அறியாமல் ஓய்வு எடுக்கிறீர்கள். மூச்சு சரியான பிறகு, சுவரைத் தொடாமல் நான்கு ஓரமாகச் சுற்றி நீந்துங்கள். அல்லது பழைய சைக்கிள் டியூப்கள் இரண்டை முடிந்து, ஒரு முனையை இடுப்புப் பட்டையிலும் மறு முனையை ஏணியிலும் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நீந்துங்கள். இழுத்தால் உடனே அவிழும் சுருக்காக இருக்க வேண்டும், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது எண்ணிக்கை வேண்டாம், கடிகாரம் போதும். இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் நீந்தினால் 750 மீட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

போட்டிக்கு முன்பு ஒரு முறையாவது கடலில், உள்ளூர் விவரம் தெரிந்த துணையோடு நீந்திப் பாருங்கள். எட்டுப் பத்துக் கை வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, போட்டியில் வழி காட்டும் மிதவையைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். கிணற்றில் எதிர்ப் படிக்கட்டை மிதவையாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

தோட்டக்காரன், நிலக்கோட்டை எழுதியது:

தங்கச்சி, நீச்சல் நுணுக்கம் எனக்குத் தெரியாது. கிணறு தெரியும். நீங்கள் இறங்கும் முன் மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது, பியூஸ் கேரியரைப் பிடுங்கி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி ஸ்டார்ட்டரில் ஆட்டோ வைத்திருப்பவர்கள் இப்போது அதிகம். கேபிளில் தோல் உரிந்து, தண்ணீரில் மின்சாரம் இறங்கி உயிர் போன கிணறு எங்கள் ஊரிலேயே உண்டு. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கயிறும், மூடி இறுக்கிய காலிக் கேன் ஒன்றும் இருக்கட்டும். அவருக்கு உடனே இறங்க முடியாவிட்டாலும் எறிய முடியும். மழை பெய்த மறுநாள் ஓரச் சுவருக்குப் பக்கத்தில் போக வேண்டாம், கல் சரியும். சொருகு அடிப்பதையும் விட்டுவிடுங்கள். 24 வருடத்தில் அடியில் என்னென்ன விழுந்திருக்கிறதோ.

---

குன்னூர்க்காரன் எழுதியது:

அக்கா, நானும் மலைக்காரன்தான். கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்; என் பயிற்சி முழுக்க அங்கேதான். இரண்டு ஸ்பிரின்ட் போட்டி முடித்திருக்கிறேன். முதல் போட்டியில் நானும் நீங்கள் கேட்டதைத்தான் நம்பினேன், சமதளம் எளிது என்று. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தொடை இறுகிவிட்டது. மலையில் ஏறும்போது மெதுவாக, கனமாக மிதிக்கிறோம்; இறங்கும்போது மிதிப்பதே இல்லை. சமதளத்தில் ஓய்வே கிடையாது. 20 கி.மீ. முழுக்க, லேசான கியரில், வேகமாகக் கால் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அது வேறு வேலை.

கீழே இறங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளும் கூட வரட்டும். காய்கறி ஏற்றும் வேன்காரர்களிடம் சொன்னால் கேரட் மூட்டைமேல் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள், நான் அப்படித்தான் மேட்டுப்பாளையத்துக்கு அனுப்புகிறேன். கிணற்றிலிருந்து ஏறியதும் ஈரத்தோடு ஒரு மணி நேரம் சமதளத்தில் மிதியுங்கள், இறங்கியதும் பத்து நிமிடம் ஓடுங்கள். முதல் சில நிமிடங்கள் கால் உங்களுடையதாகவே இருக்காது. போட்டியில் அந்த உணர்வு புதிதாக இருக்கக் கூடாது.

கருகும் வாசனை சாதாரணம் இல்லை. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்குகிறீர்கள். சக்கர விளிம்பு சூடாகி டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள். பிரேக் கட்டைகளை இந்த வாரமே மாற்றுங்கள். பனிமூட்டத்தில் இறங்கவே வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

ஏரியைச் சுற்றி எவ்வளவு நேரத்தில் ஓடுகிறீர்கள் என்று கீழே இருப்பவர்களோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கீழே மூச்சு எளிதாகக் கிடைக்கும், ஆனால் வெயில் அந்த லாபத்தைத் தின்றுவிடும். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். அரையாண்டு விடுமுறையை அம்மா வீட்டில் கழியுங்கள். உப்புப் போட்ட நீராகாரத்தை மிஞ்சி நான் எதுவும் குடித்ததில்லை. உங்கள் ஊர் மலை வாழைப்பழம் இருக்கும்போது சாப்பிட வேறு எதற்கு?

ஒரு விதி: ஹெல்மெட் வாரைக் கொக்கி மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். மாற்றித் தொட்டால் தண்டனை. வீட்டு வாசலில் இருபது முறை செய்து பாருங்கள்.

---

பெருமாள்மலை ஆசிரியை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டேன். பழையவற்றில் இரும்பே தெரிந்தது. பியூஸ் கேரியர் இப்போது அம்மாவின் சுருக்குப் பையில் வெற்றிலையோடு இருக்கிறது. அண்ணா சொன்ன கயிறும் கேனும் படியில் இருக்கின்றன. அந்தக் கேனைப் பார்த்ததும் அம்மா, "இது உன் முதுகில் இருந்ததுதானே" என்றார். அது வேறு கேன், ஆனால் நான் மறுக்கவில்லை.

முதல் ஞாயிறு குமிழி மட்டும். ஐயா நூறு என்றார், எனக்கு நூற்று நாற்பது ஆனது. பயம் போனது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நெஞ்சு இறுகவில்லை. இரண்டாம் ஞாயிறு நல்ல மழை, இறங்கவில்லை. அம்மாவிடம் அன்று நிறையப் பேசினேன். தானும் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை இதே கிணற்றில் நீந்தியதாகச் சொன்னார். இதை இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. "மூச்சைப் பிடிக்காதே, பாட்டுப் பாடுவதுபோல் விடு" என்றார். அடுத்த முறை தண்ணீருக்குள் நான் முனகிக்கொண்டே நீந்தினேன். குமிழி தானாக வந்தது. ஐயா, இது சரியான முறைதானா?

மூன்றாம் ஞாயிறு, அதாவது நேற்று, முகத்தைத் தண்ணீரில் வைத்து முழுவதும் நீந்தினேன். நிறுத்தியது மூச்சுக்காக இல்லை, தோள் வலித்ததற்காக. படியில் ஏறிப் பார்த்தேன். ஓரத்தில் இருபத்து மூன்று கொட்டைகள், அம்மாவின் மடியில் ஒன்பது.

இப்போது கேட்க வேண்டியது தோளைப் பற்றி. வலது தோள் மட்டும், கை தண்ணீருக்குள் நுழையும் நேரத்தில் முன்பக்கம் குத்துகிறது. நான் மூச்சு வாங்கத் திரும்புவது எப்போதும் இடப்பக்கம்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

---

வைகைக்கரை எழுதியது:

முனகுவது மிகச் சரியான முறை, நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம். தோளுக்கும் மூச்சுக்கும் தொடர்பு இருக்கக்கூடும். இடப்பக்கம் மூச்சு வாங்கும் நேரத்தில் வலது கை முன்னால் நீண்டிருக்கும்; அதன்மேல் சாய்ந்துகொள்பவர்கள் பலர். அந்தக் கை நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போகிறதா என்று அம்மாவை மேல்படியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தோளுக்கு நேராக, விரல் நுனி முதலில் நுழைய வேண்டும். மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு என்று பக்கம் மாற்றி வாங்கிப் பாருங்கள். இந்த வாரம் பதினைந்து கொட்டைகளோடு நிறுத்திவிடுங்கள். வலி கரையேறிய பிறகும் இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.