ஆட்டு ரோமத்தைச் சேர்ந்து விற்றால் விலை ஏறுமா?

குடியாத்தத்துக்காரன்:
எங்கள் பட்டியில் இருப்பது திருச்சி கறுப்பு ஆடுகள். தருமபுரிப் பக்கத்திலிருந்து அப்பா ஓட்டி வந்தவை. ரோமம் வாங்க ஒரே வியாபாரிதான் வருகிறார், அவர் சொல்வதுதான் விலை. கத்தரிக்கிற கூலிக்கே அது சரியாகப் போகிறது. சுற்று ஊர்களில் நாலைந்து குடும்பங்களுக்கும் இதே கதை. சங்கம் வைத்தால் தேறுமா?

காட்பாடி தாத்தா:
தம்பி, நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். சங்கம் என்று போர்டு மாட்டினால் விலை ஏறாது. பாலில் அவரவர் பாலுக்குக் கொழுப்புப் பார்த்துத்தான் காசு. அது இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கும் அதே விலை. நல்ல பால்காரன் முதலில் கழன்றுகொள்வான். ரோமத்திலும் அப்படித்தான். வயிற்றுப் பக்கம், சாணி ஒட்டிய வால் பக்கம், முள் சிக்கியது எல்லாம் தனி மூட்டை. அவரவர் எடையும் தரமும் அவரவர் பெயரில் ஏற வேண்டும்.

பிரிட்டனில் 1950 முதல் ஆட்டுக்காரர்களின் அமைப்பு ஒன்று இதைத்தான் செய்கிறது, பிரிட்டிஷ் வுல் என்று பெயர். ஊர் ஊராகச் சேர்த்து, தரம் பிரித்து, பிராட்ஃபோர்டில் ஏலம் விடுகிறார்கள். சின்னப் பட்டிக்காரன் ரோமமும் பெரிய லாட்டில் சேர்ந்துவிடும். ஆனால் அங்கேயும் சில வருஷங்களில் விலை கத்தரிக்கிற கூலியை எட்டவில்லை, அதையும் தெரிந்துகொள்.

அப்புறம் முன்பணம். வியாபாரி கையோடு காசு தருகிறார், சங்கம் விற்ற பிறகுதான் தரும். கொஞ்சமாவது முன்னால் கொடுக்க முதல் இல்லையென்றால், பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் எல்லோரும் அவரிடமே போய் நிற்பார்கள்.

ராணிப்பேட்டை அக்கா:
நாலைந்து குடும்பத்து ரோமம் ஒரு லாரிக்குக் காணாது. நம் பக்கம் வளர்க்கிற மெட்ராஸ் சிவப்பு இன ஆட்டுக்கு உடம்பில் முடிதான், கம்பளி ரோமம் கிடையாது. ரோமத்துக்கென்று தனிச் சங்கம் எதற்கு? வளர்ப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி பதியலாம். கிடா விற்பது, உரத்துக்காக வயலில் கிடை போடுவது, மொத்தமாகத் தீவனம் வாங்குவது அதில் ஓடட்டும், ரோமமும் கூடவே போகட்டும். சிவப்பு ஆட்டுக்காரர்களும் சேர்வார்கள்.

குடியாத்தத்துக்காரன்:
அக்கா சொல்வது சரியாகப் படுகிறது. வியாபாரி காதுக்குப் போனால் அடுத்த முறை வரமாட்டாரே?

காட்பாடி தாத்தா:
போகட்டுமே. வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேரையும் வரச்சொல்லி, அவரையும் கூப்பிடு. மூட்டையைப் பிரித்துக் காட்டி, விலையை எழுதிக் கவரில் போட்டுத் தரச் சொல்.