வெப்பிங் = நாடா? பட்டை? வார்? (வெள்ளிக்கிழமை அச்சு)

நண்பர்களுக்கு வணக்கம்.

லாரி ஓட்டுநர்களுக்கான சரக்குக் கட்டும் கையேடு ஒன்று தமிழாகிறது. மூலத்தில் நான்கு சொற்கள் தனித்தனியாக வருகின்றன. பாலியெஸ்டர் இழையில் தட்டையாக நெய்த சுருள் வெப்பிங். அதை வெட்டிக் கொக்கி தைத்தால் ஸ்ட்ராப். ராட்செட்டோடு (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பல்சக்கரப் பூட்டு) சேர்ந்தது டை-டவுன். கிரேனில் மாட்டித் தூக்குவது ஸ்லிங். பட்டறையில் நான்குமே ‘பெல்ட்’தான். கையேட்டில் அப்படி விட்டால் கட்டுகிற பெல்ட்டைக் கொண்டு தூக்கிவிடுவார்கள். ஐரோப்பியத் தரப்படி தூக்கும் பெல்ட் குறித்த சுமையைப்போல் 7 மடங்கு தாங்கித்தான் அற வேண்டும் (ஈ.என். 1492-1). கட்டும் பெல்ட்டின் நெசவுக்கு 3 மடங்கு போதும் (ஈ.என். 12195-2). பெயரிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். வெப்பிங்குக்கு ‘நாடா’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

– மொழிபெயர்ப்பாளர்

> வெப்பிங்குக்கு ‘நாடா’

வேண்டாம். தறிக்காரருக்கு நாடா என்றால் ஊடு இழையைச் சுமந்து ஓடும் கட்டை. மற்றவர்களுக்கு அது பாவாடை நாடா. 50 மி.மீ. அகலத்தில் ஐந்து டன்னுக்கு மேல் தாங்குகிற நெசவுக்கு அந்தப் பெயர் ஒட்டாது. ‘நெய்பட்டை’ என்க. வினைத்தொகை, ப் மிகாது.

– கரூர், நெசவு ஆசிரியர்

> ப் மிகாது

மெய்ப்புப் பார்ப்பவர் மிகவைத்துவிடுவார். ‘நெய்ப்பட்டை’ என்று அச்சானால் நெய் தடவிய பட்டை ஆகிவிடும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா? செருப்புக்கு வார், கைக்கடிகாரத்துக்கு வார். புறநானூறு 50-இல் முரசைச் சொல்லும்போது ‘மாசற விசித்த வார்புறு வள்பின்’ என்கிறார் மோசிகீரனார். விசித்தல் என்றால் இழுத்து இறுக்கிக் கட்டுதல். டை-டவுன் செய்வதும் அதைத்தானே? கட்டுவதற்கு ‘விசிவார்’, தூக்குவதற்கு ‘தூக்குவார்’.

– மதுரை, தமிழாசிரியர்

> தூக்குவார்

ஐயா, அந்த அடியில் வார் பெயர்ச்சொல் அன்று. வார்பு + உறு. வார்தல் என்ற வினை, நீளமாக அறுத்தது என்ற பொருள். தோல் கயிற்றைக் குறிக்கும் பெயர் ‘வள்பு’. பழமைதான் வேண்டுமென்றால் வள்பு என்றே எழுதலாமே.

அதைவிடப் பெரிய சிக்கல்: ‘தூக்குவார் அறுந்ததா என்று பாருங்கள்’. யார் தூக்குவார்? கட்டுவார், இறுக்குவார் எல்லாமே வினைமுற்றாகப் போய் நிற்கின்றன.

– கோவை

ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்லை முடிவு செய்யுங்கள்.

முதலில் பெல்ட்டில் தைத்திருக்கும் விவரச்சீட்டின் நிறம். நீலம் பாலியெஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிப்ரொப்பிலீன். லாரிக்கு நீலம்தான். நைலான் இழுத்தால் நீளும், தண்ணீரும் குடிக்கும்; மழையில் கட்டு தளர்ந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் மொரமொரத்துப்போகும். காஸ்டிக் சோடா ஏற்றும் வண்டியில் மட்டும் பாலியெஸ்டர் ஆகாது, காரம் அதைத் தின்றுவிடும்.

அடுத்து, சீட்டில் ‘எல்.சி. 2500’ என்றிருப்பதைப் பார்த்து இரண்டரை டன் அமுக்கம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். அது பெல்ட் நேர் இழுப்பில் தாங்கும் அளவு. ராட்செட் கைப்பிடியை 50 டெக்காநியூட்டன் (ஒரு டெக்காநியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோ எடை) விசையில் இழுத்து விட்டபின் பெல்ட்டில் தங்கும் இறுக்கம் ‘எஸ்.டி.எஃப்.’. சாதாரண ராட்செட்டில் அது 300 டெக்காநியூட்டன் அளவுதான். சரக்கின் மேலாகப் போட்ட பெல்ட் தளத்தோடு 30 பாகையில் சரிந்து நின்றால் அதிலும் பாதிதான் கீழ்நோக்கி அமுக்கும். எல்.சி., எஸ்.டி.எஃப். இரண்டையும் பிரித்துச் சொல்லும் பெயர் வேண்டும். எனக்கு வெப்பிங்கைவிட இதுதான் அவசரம்.

ராட்செட் உருளையில் இரண்டு மூன்று சுற்றாவது ஏற வேண்டும். தொய்வைக் கையால் இழுக்காமல் எல்லாவற்றையும் சுற்றிவிட்டால் பெல்ட் தடித்து நெரியும், பிறகு பிரிக்க வராது. முடிச்சுப் போட்டால் பலம் பாதியாகிவிடும். 50 மி.மீ. பெல்ட்டின் ஓரத்தில் 5 மி.மீ.க்கு மேல் வெட்டு இருந்தால் கழித்துவிட வேண்டும். இரும்புத் தகட்டு விளிம்பில் மூலைக்காப்பு இல்லாமல் போட்டால் அந்த வெட்டு ஒரே பயணத்தில் விழும்.

‘பட்டை’ என்றால் எங்கள் ஆட்களுக்குப் புரியும். ‘விசி’ புரியாது.

– திருச்செங்கோடு, பாடி கட்டும் பட்டறை

> ‘விசி’ புரியாது

சொல்லிக்கொடுத்தால் புரியும். ராட்செட் மட்டும் பிறக்கும்போதே தெரிந்ததா? கோவை நண்பர் சொன்ன மயக்கம் விசிவாரில் கிடையாது. விசித்தான், விசிப்பான் என்று வரும் வினை அது, படர்க்கையில் ‘விசிப்பார்’தான். தூக்குவாரை விட்டுவிடுகிறேன், விசிவாரை விடமாட்டேன்.

– மதுரை

நேரமில்லை. பெரும்பாலோர் பட்டை என்கிறீர்கள். வெப்பிங் = நெசவுப்பட்டை (இங்கே ப் மிகும், நெய்க்கு இடமில்லை). ஸ்ட்ராப் = கொக்கிப்பட்டை. டை-டவுன் = கட்டுப்பட்டை. ஸ்லிங் = தூக்குப்பட்டை. எல்.சி. = தாங்குவிசை, எஸ்.டி.எஃப். = தங்குவிசை.

– மொழிபெயர்ப்பாளர்

தாங்குவிசை, தங்குவிசை: ஒரு கால் விழுந்தால் போயிற்று. இரண்டாவதை ‘இறுக்கவிசை’ ஆக்குங்கள்.

– திருச்செங்கோடு

ஆக்கிவிட்டேன்.

– மொழிபெயர்ப்பாளர்

பின்னிணைப்பில் கட்டுப்பட்டைக்குப் பக்கத்தில் ‘விசிவார்’ என்று சிறிய எழுத்திலாவது போடுங்கள். அடுத்த பதிப்பில் பேசிக்கொள்வோம்.

– மதுரை