மணலுக்கு மலிவுப் பலகை போதுமா?

வெள்ளவத்தை ஜிம்னி
புதைந்த வண்டியைக் கிளப்பச் சில்லுக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் பலகைகளைப் பற்றித்தான். பேர்போன மாக்ஸ்ட்ராக்ஸ் பிராண்டில் ஒரு சோடி அமெரிக்க விலையிலேயே 300 டொலர் அளவு. எக்ஸ்-புல் வகை மலிவுச் சோடி ஏறக்குறைய அதில் மூன்றில் ஒன்று. கற்பிட்டி, மணல்காடு என்று வருடத்தில் இரண்டு மூன்று தரம் மணலில் இறங்குகிற ஆளுக்கு மலிவே போதும் என்பது என் கட்சி. மிச்சக் காசுக்கு நல்ல காற்றுமானி, 12 வோல்ட் கொம்பிரசர், நீளக் கைபிடிச் சவள் வாங்கலாம். இந்த மூன்றும் இல்லாதவருக்கு எந்தப் பலகையும் கைகொடுக்காது.

பஞ்சிகாவத்தை
சவளும் காற்றும் சரி, மற்றது பிழை. மலிவுப் பலகைகளில் பல பொலிபுரொப்பிலீன். அது 160 பாகை செல்சியஸை அண்டி உருகத் தொடங்கும். நைலோன் 6 என்றால் 220 வரை தாங்கும். டயர் றபர் பலகையின் பற்களின்மேல் நின்ற இடத்தில் சுழன்றால் சில விநாடியில் பல் நுனி மெழுகாகும். பல் போன பலகை பிறகு சறுக்குமரம்தான். ஒரே பயணத்தில் மூன்றாம் முறை புதையும்போது கையில் என்ன இருக்கும்?

நாலு சில்லு
பல் உருகுவதில் பிளாஸ்டிக்கின் பங்கை விட வலது காலின் பங்கு கூட. டிஃப் லொக், அதாவது இரு பக்கச் சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கிற பூட்டு, இல்லாத அச்சில் ஒரு பக்கச் சில்லு அசையாமல் நின்றால் மற்றச் சில்லு இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மீற்றர் முள் 20 காட்டும்போது பலகையின்மேல் உள்ள சில்லு 40-இல் அரைக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது தெரிவதில்லை. விலை கூடிய நைலோனும் அந்த அரைப்பில் மழுங்கும், கொஞ்சம் பிந்தி.

ஆகவே லோ ரேஞ்ச் (நாலு சில்லு வண்டியின் மெதுவான, இழுவை கூடிய கியர் வரிசை), முதலாம் அல்லது இரண்டாம் கியர், ஸ்டியரிங் நேராக, சில்லு பலகையைக் கவ்வும் மட்டும் நடையிலும் மெதுவாக. சுழல்கிறது என்று வெளியில் நிற்பவர் கை காட்டினால் உடனே காலை எடுத்து, இறங்கி, இன்னும் தோண்ட வேண்டும்.

நீளத்தையும் கவனியுங்கள். 265/65 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீற்றர். பலகை 1.15 மீற்றர். அரைச் சுற்றுக்கும் குறைவான பிடிதான் மொத்தமாகக் கிடைக்கிறது. 60 சென்ரிமீற்றர் மடிப்புப் பலகை கால் சுற்றிலேயே முடிந்துவிடும். மலிவு என்று அதை மட்டும் எடுக்காதீர்கள்.

தெஹிவளை நானா
தம்பிமாரே, பிளாஸ்டிக்கையே விடுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதைத் தகடு என்று ஒன்று உண்டு. 1941-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மார்ஸ்டன் என்ற ஊரில் விரித்துப் பார்த்த ஓட்டை இரும்புத் தகடு. அதே மாதிரி ஓட்டைத் தகட்டை ஒரு வெல்டிங் கடையில் 4 அடிக்கு வெட்டினால் முடிந்தது. உருகாது, முறியாது.

பஞ்சிகாவத்தை
நானா, அந்தத் தகடு 10 அடிக்கு 66 இறாத்தல், 30 கிலோ. 4 அடித் துண்டு 12 கிலோ. மாக்ஸ்ட்ராக்ஸ் ஒன்று 3.3 கிலோ. பாரம் கூடப் பரவாயில்லை, இரும்பு வளைந்தால் வளைந்தபடிதான் நிற்கும். ஒரு முனை மேலே தூக்கிக்கொள்ளும். சில்லு மற்ற முனையை மிதித்ததும் தூக்கிய முனை பிறேக் குழாயிலோ எண்ணெய்த் தாங்கியிலோ போய் இடிக்கும். வெட்டிய விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கீறும். பின்னால் எறிபட்டால் நிற்கிற ஆளின் கால் போகும்.

தெஹிவளை நானா
விளிம்பை உருட்டி வெல்ட் பண்ணலாம். பாரம் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழியின் மேலே பாலமாகப் போட இரும்பை விட்டால் வேறு என்ன? பிளாஸ்டிக்காரர் பெட்டியில் '10 தொன்' என்று அச்சடிக்கிறார்களே, அதை நம்புவதா?

நாலு சில்லு
அந்த 10 தொன்னை மறந்துவிடுங்கள். கீழே முழுக்க மண் தாங்கும்போது பலகை நசுங்காமல் ஏற்கிற பாரத்தை வைத்து அச்சடிக்கிற எண் அது. இரு முனையும் தாங்கி நடு வெறுமையாக இருந்தால் கதை வேறு. சாமான் ஏற்றிய ஹைலக்ஸ் 2.8 தொன் வரும், ஒரு சில்லில் 700 கிலோ. 60 சென்ரிமீற்றர் பள்ளத்தின் நடுவில் அந்தச் சில்லு நின்றால் பலகையை வளைக்கிற திருப்பம் (மொமன்ட்) ஏறத்தாழ 1000 நியூட்டன் மீற்றர். மெல்லிய பொலிபுரொப்பிலீன் விலா அங்கேதான் வெள்ளை கோடு விட்டுப் பிறகு பிளக்கிறது. மலிவாகட்டும் விலை கூடியதாகட்டும், பள்ளத்தை முதலில் மண்ணோ கல்லோ போட்டு நிரப்பிவிட்டுத்தான் பலகை.

வெள்ளவத்தை ஜிம்னி
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். என் வண்டி மாதிரிப் புதிய சுசுக்கி ஜிம்னியின் வெறும் எடை 1100 கிலோ அளவு. இரண்டு பேரும் சாமானும் சேர்ந்தாலும் ஒரு சில்லில் 350 கிலோ. உங்கள் கணக்கில் பாதி. ஹைலக்ஸுக்குப் போடுகிற அளவுகோலை ஏன் இதற்கும் போடுகிறீர்கள்?

பஞ்சிகாவத்தை
ஜிம்னிக்கு விடுகிறேன். ஹைலக்ஸ், பஜேரோ, பழைய டிஃபெண்டருக்கு விடமாட்டேன். ஜிம்னிக்கும் பிளாஸ்டிக் எதுவென்று பார்த்துத்தான். 'நைலோன்' என்று எழுதியிருந்தால் அது நைலோன் என்று அர்த்தமில்லை.

பலகையின் விளிம்பில் வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறை பிளேட்டால் நகக்கண்ணளவு சீவி எடுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி விட்டு, குமிழி ஒட்டாமல் அமிழ்த்தி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பொலிபுரொப்பிலீன் அல்லது பொலிஎதிலீன். அடியில் கிடந்தால் நைலோனாக இருக்கலாம். இருக்கலாம்தான், ஏனென்றால் கண்ணாடி இழை கலந்த பொலிபுரொப்பிலீனும் அமிழும். அப்போது இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டி அணையுங்கள். எரிந்த மயிர் வாடை என்றால் நைலோன், அணைந்த மெழுகுதிரி வாடை என்றால் மற்றது. அந்தப் புகையை மூக்கை வைத்து இழுக்காமல் கையால் விசிறி மணந்தால் போதும்.

நாலு சில்லு
நல்ல சோதனை. ஒன்லைனில் எடுப்பவர்கள் பார்சலையும் கணக்குப் பார்க்க வேண்டும். விமானக் கூலி பெரும்பாலும் பருமனுக்குத்தான். நீளம், அகலம், உயரத்தை சென்ரிமீற்றரில் பெருக்கி 5000-ஆல் பிரிப்பார்கள். 115, 33, 11 என்றால் 8.3 கிலோ. உள்ளே 5 கிலோ மெல்லிய பலகை இருந்தாலும் கூலி 8.3 கிலோவுக்கு. சுங்கமும் அதன் மேல். கப்பலில் வந்து புறக்கோட்டையில் கிடைப்பதோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

மணல்காட்டான்
எல்லாரும் மணலையே பேசுகிறீர்கள். வடகீழ்ப் பருவமழைக்குப் பிறகு மன்னார்ப் பக்கத்துக் களிமண்ணில் பல்லிடுக்கு முழுக்கக் களி அப்பிக்கொள்ளும். 300 டொலர் பல்லும் 100 டொலர் பல்லும் அங்கே ஒரே சவர்க்காரக் கட்டிதான். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் பலகையைத் தண்ணீரில் அடித்து, தும்புத்தடியால் இடுக்கைத் தேய்த்துத் திரும்பப் போட வேண்டும். பழைய தும்புப் பாயை நான்காக மடித்துப் பலகையின் முன்னால் விரித்தால் சில்லில் உள்ள களி அதில் துடைபட்டுத்தான் பல்லுக்கு வரும். வில்பத்துக்குள் என்றால் இந்தப் பேச்சே இல்லை, குறித்த இடம் தவிர வண்டியை விட்டு இறங்க விடமாட்டார்கள். சாரதியிடம் வின்ச் (வண்டியை இழுத்தெடுக்கிற கம்பிச் சுருள்) இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்பது நல்லது.

தெஹிவளை நானா
சரி, எனக்கும் ஒரு பிளாஸ்டிக் சோடி என்று வையுங்கள். வண்டி பஜேரோ, டிஃப் முட்டிவரை (அச்சின் நடுவில் தொங்குகிற கியர்க் குண்டுவரை) மணல். எந்தச் சில்லுக்குப் போடுவது?

நாலு சில்லு
முதலில் டயரின் காற்றழுத்தத்தை 16 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். பாதி நேரம் அதிலேயே வெளியே வரும். வராவிட்டால் டிஃப் முட்டியும் படிப்பலகையும் மணலைத் தொடாத மட்டும் தோண்டுங்கள். வண்டி வயிற்றில் படுத்திருக்கும்போது சில்லுக்குப் பலகை போட்டுப் பயனில்லை. பிறகு வந்த வழியே பின்னோக்கி. அந்தத் தடம் ஏற்கெனவே அழுந்தி இறுகியிருக்கிறது. இரண்டே பலகை என்றால் பின் சில்லுகளுக்குப் பின்னால், ஒவ்வொன்றையும் சாய்வாகத் தோண்டி, மெல்லிய முனையை டயரோடு முட்டும்வரை செருகுங்கள். ஓட்டத்தில் முன் சில்லும் அதே பலகையின்மேல் ஏறும். வெளியே வந்ததும் இறுகிய தரை வரும்வரை நிறுத்தாதீர்கள். தார் ரோட்டுக்கு முன் காற்றை மறுபடி ஏற்றுங்கள்.

கைபிடி ஓட்டையில் 2 மீற்றர் செம்மஞ்சள் கயிறு ஒன்று கட்டுங்கள், மணலுக்குள் போன பலகையை இழுத்தெடுக்க. கயிற்றின் மறுமுனையை வண்டியில் கட்டக்கூடாது.

தெஹிவளை நானா
ஏன் கட்டக்கூடாது? பலகை தானாகப் பின்னால் வந்துவிடுமே.

பஞ்சிகாவத்தை
வருகிற வழியில் கயிறு அச்சில் சுற்றிவிடும் நானா. பிறகு சவளோடு வெட்டுக் கத்தியும் தேடவேண்டி வரும்.