டர்பனில் வீடு வாங்குமுன்: சாட்ஸ்வொர்த், மேர்பேங்க், டொங்காட் ஆகியவற்றில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

துறைமுக ஊழியர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து வந்து பதினோரு ஆண்டுகளாக ஜோகன்னஸ்பர்க்கில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டது. இப்போது வேலை டர்பன் துறைமுகத்துக்கு மாற்றலாகியிருப்பதால், ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் அங்கே சொந்த வீட்டுக்குக் குடிபோக விரும்புகிறோம். நான், என் மனைவி, ஒன்பது வயது மகள், இளைப்பு நோயுள்ள (ஆஸ்துமா) என் தாயார் என நால்வர். சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்த்து 14 லட்சம் ரேண்ட் வரை எங்களால் இயலும்.

முகவர் மூன்று வீடுகளைக் காட்டினார். சாட்ஸ்வொர்த்தின் சில்வர்க்ளென் பகுதியில் சரிவில் கட்டிய வீடு ஒன்று. மேர்பேங்கில், துறைமுகத்துக்கு மிக அருகில், பழைய வீடு ஒன்று. டொங்காட்டில் அதே விலைக்கு இரண்டு அறைகள் கூடுதலாக உள்ள வீடு ஒன்று. காவல் துறையின் குற்றப் புள்ளிவிவரத்தைத் திறந்து பார்த்தால் மூன்று ஊர்களுமே அச்சமூட்டுகின்றன. சில்வர்க்ளென் வீட்டுக்கு 13,80,000 ரேண்ட் கேட்கிறார்கள், ஆனால் மாநகராட்சியின் மதிப்பீட்டுப் பட்டியலில் அது 10,50,000 என்றே இருக்கிறது. இந்த வேறுபாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டு நாள் விடுப்பில் நேரில் வரும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? அங்கேயே வாழ்பவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சில்வர்க்ளென் ஆசிரியர்:

வணக்கம் தம்பி. நான் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து, இங்கேயே கற்பித்து ஓய்வு பெற்றவன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1960-களில் அரசு இந்த மலைச்சரிவுகளை வெட்டி, வரிசை வரிசையாகச் சிறு வீடுகளைக் கட்டி, எண்ணிட்ட பிரிவுகளாக எங்களிடம் கொடுத்தது. அந்த வரலாற்றை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பெயர் கொண்ட ஊருக்குள்ளேயே நெருக்கமான அடுக்கு வீடுகளும், தனி மனையில் கட்டிய பெரிய வீடுகளும், ஆற்றுப் பள்ளத்தை ஒட்டிய குடிசைகளும் அடுத்தடுத்து இருப்பதால், "சாட்ஸ்வொர்த் பாதுகாப்பானதா" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. எந்தத் தெரு, அந்தத் தெருவின் எந்த முனை என்றுதான் கேட்க வேண்டும்.

காவல் துறையின் எண்கள் ஒவ்வொரு காலாண்டுக்கும், ஒவ்வொரு காவல் நிலையத்தின் முழு எல்லைக்குமாக வெளியாகின்றன. சாட்ஸ்வொர்த் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் ஊருக்குள் சாட்ஸ்வொர்த் நிலையம் ஒன்று, பேவியூ நிலையம் ஒன்று என எல்லைகள் பிரிகின்றன. மேர்பேங்க் வென்ட்வொர்த் நிலையத்தின் கீழ் வருகிறது. அந்த எண்ணிக்கை மக்கள்தொகையால் வகுக்கப்பட்டதும் அன்று. பெரிய கடைத்தொகுதியும் டாக்சி நிறுத்தமும் உள்ள எல்லையில் பணப்பறிப்பு வழக்குகள் குவிந்திருக்கும், ஆனால் அவற்றில் ஒன்றுகூட நீங்கள் வாங்கவிருக்கும் தெருவில் நடந்திருக்காமல் இருக்கலாம். ஆகவே மொத்த எண்ணைப் பார்த்துக் கலங்காமல் இரண்டு வரிகளை மட்டும் பிரித்துப் படியுங்கள். ஒன்று வீடு புகுந்து திருடுவது, அதாவது பெரும்பாலும் ஆளில்லாத நேரத்தில் நடப்பது; மற்றொன்று ஆட்கள் உள்ளே இருக்கும்போது ஆயுதம் காட்டிக் கொள்ளையடிப்பது. தாயாரையும் குழந்தையையும் வீட்டில் விட்டு வேலைக்குப் போகும் உங்களுக்கு இரண்டாவது வரியே முக்கியம். ஒரு காலாண்டை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்தாண்டுகளின் ஒரே காலாண்டை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஏற்றமா இறக்கமா என்று தெரியும்.

இனி நேரில் பார்ப்பது. முகவர் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைத்துப் போவார். எந்தத் தெருவும் அந்த வேளையில் நல்ல தெருதான். நீங்கள் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும், வார நாளில் காலை ஆறரைக்கு ஒருமுறையும் போங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது என்று எண்ணுங்கள். மாலையில் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுகிறார்களா, முதியவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாசலில் நிற்கும் ஒரு அம்மாவிடம் வணக்கம் சொல்லி, "இந்த வீட்டைப் பார்க்க வந்திருக்கிறோம்" என்றால் போதும், முகவர் சொல்லாத அனைத்தையும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். சமூகக் காவல் மன்றத்தின் கூட்டம் எங்கே, எப்போது என்று கேட்டு ஒருநாள் பின்வரிசையில் உட்காருங்கள். தெருவின் வாட்ஸ்அப் குழுவை யார் நடத்துகிறார் என்பதையும் கேளுங்கள்.

சரிவு வீட்டைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் டர்பனின் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ளம் ஒருபுறம் இருக்க, மண் சரிந்தும் வீடுகள் போயின. எங்கள் தெருவில் கீழ்வரிசை வீடு ஒன்றின் பின்சுவர் அன்று அதிகாலையில் சமையலறைக்குள் சாய்ந்ததை நான் கைவிளக்குடன் நின்று பார்த்தேன். அந்த வீட்டில் அதற்கு ஓராண்டுக்கு முன்பே சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது, அதன் மேல் இரண்டு முறை பூசிச் சாயமடித்திருந்தார்கள்.

சரிவில் மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்பாதியில் நிரப்பித்தான் பெரும்பாலான மனைகளைச் சமன் செய்திருப்பார்கள். நிரப்பிய மண்ணின் மேல் பிற்காலத்தில் சேர்த்த அறையே முதலில் இறங்கும். எனவே பழைய வீடும் புதிய அறையும் சேரும் மூட்டில் உங்கள் நகம் நுழைகிறதா என்று பாருங்கள். தாங்கு சுவரின் அடியில் நீர் கசிய விட்ட துளைகள் இருக்க வேண்டும், அவை மண்ணடைத்துப் போயிருக்கக் கூடாது. சுவர் வயிறு தள்ளியிருந்தால் அந்த வீடு வேண்டாம். மேல்வீட்டுக் கூரைத்தண்ணீர் எங்கே விழுகிறது என்பதை மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள், கோடை மழை இங்கே உங்களை அதிக நாள் காக்க வைக்காது.

மேர்பேங்க் அன்பான ஊர், கோயிலும் தமிழ்ப் பண்பாடும் உள்ள ஊர். ஆனால் தெற்கு டர்பன் பள்ளத்தாக்கின் காற்று பல பத்தாண்டுகளாக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளாலும் காகித ஆலையாலும் கெட்டது. அங்குள்ள பள்ளிக் குழந்தைகளிடையே இளைப்பு நோய் மிகுந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சுத்திகரிப்பு ஆலை ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பின்னும், மற்றொன்று 2022-இலும் சுத்திகரிப்பை நிறுத்தியதால் முன்பிருந்த நிலை சற்று மாறியிருக்கிறது. ஆயினும் சேமிப்புத் தொட்டிகளும் கனரக லாரிகளும் அங்கேயேதான் இருக்கின்றன. இளைப்பு உள்ள தாயாரை அங்கே அழைத்துப் போவதற்கு முன், குளிர்காலத்தில் காற்றசைவே இல்லாத ஒரு காலையில் அவரையே அந்தத் தெருவில் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். வேலைக்கு அருகில் என்பதற்காக அவருடைய மூச்சைப் பணயம் வைக்க வேண்டாம்.

பத்திரப்பதிவு எழுத்தர்:

வணக்கம். சொத்து மாற்றல் செய்யும் வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன சரிவு விஷயத்துக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாநகராட்சி மதிப்பீடு வரி விதிப்பதற்காக, பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு தேதியின் விலையை வைத்து மொத்தமாகச் செய்யப்படுவது. உள்ளே வந்து பார்க்காமலே பெரும்பாலான வீடுகளை மதிப்பிடுகிறார்கள். எனவே 10,50,000-க்கும் 13,80,000-க்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே ஏமாற்றத்துக்குச் சான்றாகாது. ஆனால் அந்த வேறுபாடு எதனால் வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் பின்பக்கம் கட்டிய வாடகை அறைகளால் வருகிறது. சாட்ஸ்வொர்த்தில் பழைய சிறு வீட்டைப் பெரிதாக்காத குடும்பமே அரிது, அந்த விரிவாக்கங்களில் பலவற்றுக்கு மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் கிடையாது. வரைபடம் இல்லாத அறைக்கு நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். நாளை அதை முறைப்படுத்தும் செலவும் இடிக்கச் சொன்னால் இழப்பும் உங்களுடையவை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒப்புதல் வரைபடத்தின் நகலைக் கேட்டு, அதைக் கையில் பிடித்தபடி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

உண்மையான சந்தை விலையை அறிய, கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள், அவை ஆசைகள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள பத்திரப் பதிவகத்தின் பதிவுகளில் அதே தெருவின் வீடுகள் எந்த நாளில் எவ்வளவுக்குக் கைமாறின என்பது இருக்கிறது. சிறு கட்டணத்துக்கு யாரும் பெறலாம். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் பதிவு விலைகளே பேச்சுவார்த்தையில் உங்களுக்குப் பலம்.

சட்டமும் வழக்கமும் உங்களுக்குத் தரும் காவல்களில் இரண்டை மறக்க வேண்டாம். 2022 பிப்ரவரி 1 முதல், விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கையொப்பமிட்ட படிவத்தை முகவர் கட்டாயம் பெற வேண்டும். "உள்ளது உள்ளபடி" என்னும் ஃபூட்ஸ்டூட்ஸ் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தாலும், தெரிந்தே மறைத்தவரை அது காப்பாற்றாது. அந்தப் படிவத்தில் 2022 மழையில் என்ன நேர்ந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். அடுத்து, மின்சாரச் சான்றிதழைப் போலவே, கடற்கரையோரமான எங்கள் பகுதியில் மரத்தை அரிக்கும் வண்டுக்கான சான்றிதழையும் ஒப்பந்தத்திலேயே கேட்பது வழக்கம்.

செலவில் ஒரு கணக்கு: 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அட்டவணைப்படி 12,10,000 ரேண்ட் வரை மாற்றல் வரி இல்லை, அதற்கு மேற்பட்ட தொகைக்கு முதல் படியில் 3 விழுக்காடு. 13,80,000-க்கு வாங்கினால் 5,100 ரேண்ட் வரி. வழக்கறிஞர் கட்டணமும் வங்கிக் கடன் பதிவுக் கட்டணமும் இதைவிடப் பல மடங்கு வரும் என்பதால், 14 லட்சத்தையும் வீட்டு விலைக்கே ஒதுக்கிவிடாதீர்கள்.

டொங்காட் இல்லத்தரசி:

டொங்காட்டில் ஏன் கூடுதல் அறைகள் கிடைக்கின்றன என்பதற்கு என் வீட்டுக் குழாயே விடை. 2022 வெள்ளத்தில் எங்கள் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மாதக்கணக்கில் நாங்கள் லாரித் தண்ணீரை வாளியில் பிடித்து வாழ்ந்தோம். 2024 ஜூன் 3 அன்று சுழல்காற்று (டொர்னேடோ) வந்து பலருடைய கூரைகளைப் பிய்த்தெறிந்தது. இருந்தும் இந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை, அக்கம்பக்கத்தார் அப்படிப்பட்டவர்கள். ஆனால் புதிதாக வருபவரிடம் மறைப்பது பாவம். எந்த ஊரானாலும் தெருவில் எத்தனை வீடுகளில் ஜோஜோ தொட்டி (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) நிற்கிறது என்று எண்ணுங்கள் அண்ணா. பாதிக்கு மேல் இருந்தால் அங்கே தண்ணீர் அடிக்கடி நிற்கிறது என்று பொருள். வீட்டில் மிக உயரத்திலுள்ள குழாயை மாலை ஆறு மணிக்குத் திறந்து பாருங்கள், காலையில் திறந்தால் எல்லாக் குழாயும் ஓடும். துறைமுகத்துக்குத் தினமும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், காலை நெரிசலில். மகளைப் பள்ளியில் விடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

துறைமுக ஊழியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாயாரை நினைத்து மேர்பேங்கை விட்டுவிட்டோம். இன்னும் ஒரு கேள்வி: ஃபீனிக்ஸில் குறைந்த விலைக்கு நல்ல வீடு ஒன்று இருக்கிறது, ஆனால் 2021 ஜூலைக் கலவரத்தை நினைவூட்டி அந்தப் பக்கமே போக வேண்டாம் என்கிறார் உறவினர் ஒருவர். அவர் சொல்வது சரியா?

சில்வர்க்ளென் ஆசிரியர்:

அந்த வாரத்தில் ஃபீனிக்ஸில் 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் அருகிலுள்ள ஊர்களின் கறுப்பின மக்கள். அதை இந்தியரின் அச்சமாக மட்டும் நினைவுகூர்வது நியாயமில்லை தம்பி. கறுப்பின மக்கள் வாழும் இனாண்டாவும் குவாமாஷுவும், இந்தியர் வாழும் ஃபீனிக்ஸும் ஒன்றையொன்று ஒட்டியவை. அவற்றைப் பிரித்துக் கோடு போட்டது பழைய இனஒதுக்கல் அரசு. அந்தக் கோட்டை மதிலாக்கிக்கொள்ளும் தெருவில் என் பேத்தியை வளர்க்க எனக்கு மனம் வராது, இரு பக்கத்தாரும் ஒரே கடையில் வாங்கி ஒரே மன்றக் கூட்டத்தில் உட்காரும் தெருவில் வளர்ப்பேன். அப்படிப்பட்ட தெருக்கள் ஃபீனிக்ஸிலும் உண்டு. எங்கே வாங்கினாலும் கலவரச் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்காது என்பதை அறிந்துகொள்ளுங்கள். அதற்கு அரசின் சாஸ்ரியா காப்பு உங்கள் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே அந்த முகவரியைச் சொல்லிக் காப்பீட்டு விலை கேளுங்கள். ஒரே வீட்டுப் பொருள்களுக்கு இரண்டு முகவரிகளில் வரும் மாதத் தொகையை ஒப்பிட்டால், இழப்பைத் தன் பணத்தால் ஈடுகட்டும் ஒருவர் அந்தத் தெருவை எப்படி எடை போடுகிறார் என்பது தெரியும்.

துறைமுக ஊழியர்:

சென்ற வாரம் வந்து பார்த்தோம். சில்வர்க்ளென் வீட்டின் தாங்கு சுவர் நேராக நிற்கிறது, துளைகளில் நீர் கசிந்த பசுமை தெரிகிறது. பின்பக்கத்து இரண்டு அறைகள் வரைபடத்தில் இல்லை. அவற்றுக்கு ஒப்புதல் பெற்றுத் தர வேண்டும், இல்லையேல் 12,00,000 ரேண்டுக்குத் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். விற்பவர் யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார். எதிர்வீட்டு அம்மா என் தாயாருக்குத் தேநீர் கொடுத்து, இந்தத் தெருவில் ஞாயிறு இரவுகளில் மட்டும் தண்ணீர் அழுத்தம் குறையும் என்று சொன்னார். ஃபீனிக்ஸ் வீட்டையும் இந்த வெள்ளிக்கிழமை இரவு போய்ப் பார்க்கிறோம்.